கேண்டர் சிரித்தது, நியூயார்க் அழுதது

2016ஆம் ஆண்டு அக்டோபர் 29. கனடாவின் கிழக்கு ஓரத்தில், அட்லாண்டிக் கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் நியூஃபவுண்ட்லாந்து தீவு. அதில் கேண்டர் என்றொரு சின்ன ஊர். மொத்த மக்கள் தொகையே பத்தாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். அன்று அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பனி ஹாக்கி அரங்கில் கூடினார்கள். ஆனால் ஆட்டம் பார்க்க அல்ல. தங்களைப் பற்றித் தாங்களே பார்க்கப் போகும் ஒரு இசை நாடகத்துக்காக!

அதன் பெயர் 'கம் ஃப்ரம் அவே'. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர்களை நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் குறிப்பிடும் வட்டார வழக்கு அது. அந்த நாடகம் அப்போது பிராட்வேக்குப் போகும் வழியில் இருந்தது. நியூயார்க் மேடையை எட்டுவதற்கு முன்னால், கதை நடந்த ஊருக்கே வந்து, கச்சேரி வடிவில் இரண்டு காட்சிகள் நடத்தினார்கள். வசூல் உள்ளூர் அறப்பணிகளுக்குப் போனது.

மேடையில் நிற்கும் நடிகரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர் மேயராக நடிக்கிறார். உண்மையான மேயர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். இன்னொருவர் போலீஸ்காரராக வருகிறார். அந்தப் போலீஸ்காரரை அரங்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரியும். தப்பாக ஒரு வார்த்தை உச்சரித்தால்கூட மாட்டிக்கொள்வார்கள். எந்தப் பத்திரிகை விமர்சகரும் தர முடியாத பரீட்சை அது. கேண்டர் மக்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நாடகம் தேறிவிட்டது.

இந்த நாடகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பிராட்வே வசூலையும் விருதுகளையும்தான் பேசுகிறார்கள். ஆனால் அதிகம் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. ஒரே நாடகத்தை ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதமாகப் பார்த்தது. அதில் எந்த ஊரின் தீர்ப்பை நம்புவது?

கதை என்ன?

2001 செப்டம்பர் 11. அமெரிக்கா தன் வான்வெளியை மூடியது. அட்லாண்டிக் மேலே பறந்துகொண்டிருந்த விமானங்களில் 38 பயணிகள் விமானங்கள் கேண்டரில் இறங்கின. அவ்வளவு சின்ன ஊரில் அவ்வளவு பெரிய விமான நிலையம் எப்படி என்று கேட்கலாம். 1938இல் திறக்கப்பட்டது அது. அந்தக் காலத்து விமானங்கள் ஒரே மூச்சில் அட்லாண்டிக்கைத் தாண்ட முடியாது; இங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் போகும். நீண்ட தூரம் பறக்கும் ஜெட் விமானங்கள் வந்ததும் கேண்டரின் தேவை குறைந்துபோனது. ஓடுபாதை மட்டும் அப்படியே கிடந்தது. அந்த ஓடுபாதைதான் அன்று கை கொடுத்தது.

ஏறத்தாழ 7,000 பேர் வந்து இறங்கினார்கள். ஊர் ஒரே நாளில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் போராட்டத்தை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தார்கள். பள்ளிக்கூடம், தேவாலயம், சங்கக் கட்டடம் எல்லாம் தங்குமிடங்களாயின. வீடு வீடாகச் சமைத்துக் கொண்டு வந்தார்கள். கெட்டுப்போகாமல் வைக்க இடமில்லாததால் ஹாக்கி அரங்கே குளிர்பதனப் பெட்டி ஆனது. விமானங்களுக்குள் சிக்கியிருந்த நாய், பூனை, இரண்டு பொனொபோ குரங்குகள் உட்பட எல்லா விலங்குகளுக்கும் தீனி போட ஆள் போனது. பக்கத்து ஊர்களான லூயிஸ்போர்ட், காம்போ, ஆப்பிள்டன் போன்றவையும் பயணிகளை ஏற்றுக்கொண்டன. சில நாட்கள் கழித்து விமானங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

இவ்வளவுதான் கதை. வில்லன் இல்லை. சண்டை இல்லை. பெரிய திருப்பம் எதுவும் இல்லை. இதைப் போய் இசை நாடகமாக்கலாம் என்ற எண்ணம் மைக்கேல் ரூபினாஃப் என்ற கனடா தயாரிப்பாளருக்குத் தோன்றியது. டொரொண்டோவைச் சேர்ந்த ஐரீன் சங்காஃப், டேவிட் ஹைன் தம்பதி 2011இல், பத்தாம் ஆண்டு நினைவு நாளை ஒட்டி, கேண்டருக்குப் போய்த் தங்கி, ஊர்க்காரர்களையும் திரும்பி வந்திருந்த பயணிகளையும் சந்தித்துப் பேட்டி எடுத்தார்கள். அப்படிக் கேட்டதிலிருந்துதான் நாடகம் பிறந்தது.

வணிகக் கணக்கில் பார்த்தால்...

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இது முதலீட்டாளர் ஓடிப்போக வேண்டிய திட்டம். பிரபல நட்சத்திரம் கிடையாது. ஏற்கெனவே ஹிட்டான சினிமாவின் பெயர் கிடையாது. தலைப்பு பாதிப் பேருக்குப் புரியாது. பின்னணி செப்டம்பர் 11. போட்ட பணமோ சுமார் 1 கோடியே 20 லட்சம் டாலர்.

அதனால்தான் ஒரேயடியாகக் குதிக்காமல் ஊர் ஊராகப் போனார்கள். 2015இல் கலிஃபோர்னியாவின் லா ஹோயா, பிறகு சியாட்டில். 2016 செப்டம்பரில் வாஷிங்டனின் ஃபோர்ட்ஸ் தியேட்டர். கேண்டர். டொரொண்டோ. 2017 மார்ச் 12 அன்று பிராட்வேயின் ஷோன்ஃபெல்ட் தியேட்டர். ஒரு புதிய சோப்பைக்கூட நாடு முழுக்க இறக்குவதற்கு முன் சில ஊர்களில் விற்றுப் பார்ப்பார்கள் இல்லையா? அதே முறைதான். எட்டு மாதங்களுக்குள் முதலீடு திரும்பி வந்தது. பார்த்தவர் போய் அடுத்தவரிடம் சொன்ன வார்த்தைதான் மிகப் பெரிய விளம்பரம். டோனி விருதில் ஏழு பரிந்துரைகள் பெற்று, இயக்கத்துக்காக கிறிஸ்டோஃபர் ஆஷ்லிக்கு மட்டும் ஒன்று கிடைத்தது. சிறந்த இசை நாடகத்துக்கான பரிசு 'டியர் இவான் ஹான்சன்' நாடகத்துக்குப் போனது. ஆனாலும் 2022 அக்டோபர் 2 வரை, நடுவில் கொரோனா அடைப்பைத் தாண்டி, 1,600க்கும் மேற்பட்ட காட்சிகள் ஓடியது.

ஆனால் லாபக் கணக்கு ஒரு விஷயத்தைச் சொல்லாது. வாங்கியவர் எதற்காக வாங்கினார் என்பதை!

ஒரே வசனம், இரண்டு சிரிப்பு

கேண்டர்காரர்கள் எதற்குச் சிரித்திருப்பார்கள்? மேடையில் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடை வருகிறது. சுற்றுவட்டார ஊர் மேயர்கள் எல்லாரையும் அங்கேதான் பிடிக்க முடியும் என்பது போன்ற நகைச்சுவை. நியூயார்க் ரசிகருக்கு அது ஒரு கடையின் பெயர். கனடாக்காரருக்கு அது தினசரி வாழ்க்கை. கேண்டர்காரருக்கு, 'ஆமாம், நேற்றுகூட அங்கேதான் பார்த்தேன்' என்ற நினைப்பு. வெளியாட்களுக்கு ரம் ஊற்றிக் கொடுத்து, காட் மீனை முத்தமிடச் சொல்லி 'தீவுக்காரர்' ஆக்கும் சடங்கு ஒன்று வருகிறது. வெளியூர் ரசிகருக்கு அது வேடிக்கையான கூத்து. தீவுக்காரருக்கு, தாங்களே சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்திக் காட்டும் கூத்து.

இங்கேதான் ஒரு பழைய காயம் இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்து 1949இல்தான் கனடாவில் சேர்ந்தது. அதன் பேச்சு வேறு, பாட்டு வேறு, வறுமை அதிகம். கனடாவின் மற்றப் பகுதிகளில் நியூஃபவுண்ட்லாந்துக்காரரை முட்டாளாகச் சித்தரிக்கும் ஜோக்குகள் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தன. 1992இல் காட் மீன் வளம் அழிந்துபோய், அரசு மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். பிழைப்புத் தேடி இளைஞர்கள் தீவை விட்டுப் போனார்கள். போன இடத்திலும் அதே ஜோக்குகள் காத்திருந்தன.

இப்படிப்பட்ட மக்களிடம், 'டொரொண்டோவிலிருந்து இரண்டு பேர் வந்து உங்களைப் பற்றிப் பாட்டு கட்டியிருக்கிறார்கள்' என்றால் என்ன நினைப்பார்கள்? மறுபடியும் கிண்டல்தானா என்றுதான் முதலில் தோன்றும். உச்சரிப்பைக் கேலி செய்வார்களோ, கையில் மீனைக் கொடுத்து ஆட விடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் அந்த ஹாக்கி அரங்கில் கேட்ட சிரிப்பு முக்கியமானது. நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதற்கும், நம்மோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்பதற்கும் உள்ள வித்தியாசம், சிரிக்கப்படுபவருக்கு மட்டும்தான் துல்லியமாகத் தெரியும்.

இசையிலும் இதே கவனம் தெரிகிறது. ஃபிடில், அக்கார்டியன், ஐரிஷ் பறையான பவ்ரான், துடைப்பக் கட்டையில் பாட்டில் மூடிகளை அடித்துச் செய்த தாளக்கருவி என்று தீவின் சமையலறைக் கச்சேரிகளில் ஒலிக்கும் கருவிகள். நாடகம் முடிந்து நடிகர்கள் வணங்கிய பிறகும் வாத்தியக் குழு மேடைக்கு வந்து வாசித்துத் தள்ளுகிறது. மற்ற நாடகங்களில் திரை விழுந்ததும் கோட்டை எடுத்துக்கொண்டு ஓடும் கூட்டம் இங்கே நின்று தாளம் போடுகிறது.

நியூயார்க்கின் மௌனம்

நியூயார்க்கில் வேறு மாதிரி. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் அந்த நாளை நேரில் பார்த்தவர்கள் உண்டு, உறவுகளை இழந்தவர்கள் உண்டு. அதற்கு முன்பே, பென்டகனுக்குச் சில மைல் தூரத்தில் இருக்கும் ஃபோர்ட்ஸ் தியேட்டரில், 15ஆம் ஆண்டு நினைவு நாளை ஒட்டிய வாரங்களில் நாடகம் ஓடியது. அந்த ரசிகர்களுக்குத் துக்கம் பக்கத்து வீட்டு விஷயம்.

நாடகத்தில் ஒரு தாய் வருகிறாள். கேண்டரில் மாட்டிக்கொண்டு, நியூயார்க்கில் தீயணைப்பு வீரராக இருக்கும் மகனைப் பற்றித் தகவல் கிடைக்காமல் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் முயல்கிறாள். உண்மைக் கதைதான். கேண்டர் ரசிகருக்கு அவள் ஊருக்கு வந்த விருந்தாளி; நியூயார்க் ரசிகருக்கு அவள் பக்கத்துத் தெருக்காரி. முதல் இடத்தில் பரிவு, இரண்டாம் இடத்தில் வலி. இரட்டைக் கோபுரங்கள் இடியும் காட்சியையோ விமானம் மோதும் சத்தத்தையோ நாடகம் காட்டுவதே இல்லை. பன்னிரண்டு நடிகர்கள், கொஞ்சம் நாற்காலிகள். தொப்பியை மாற்றினால் தீவுக்காரர், கோட்டை மாற்றினால் பயணி. காட்டாமல் விட்டதால்தான் அந்த ஊர் ரசிகர்களால் நூறு நிமிடம் உட்கார முடிந்தது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2017 ஜனவரியில் அமெரிக்க அரசு ஏழு நாட்டவர் நுழையத் தடை போட்டிருந்தது. அந்தச் சூழலில், வழி தவறி வந்த ஏழாயிரம் பேரை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட ஊரின் கதை மேடைக்கு வருகிறது! எழுதியவர்கள் 2011இல் எழுத ஆரம்பித்தபோது இதை நினைத்திருக்க முடியாது. ஆனால் ரசிகர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். மார்ச் 15 அன்று கனடா பிரதமராக இருந்த ஜஸ்டின் ட்ரூடோ, ஐ.நா. தூதர்கள் பலருடன் வந்து பார்த்தார். இவாங்கா டிரம்ப்பும் அரங்கில் இருந்தார். நாடகத்தில் ஒரு வரி மாறவில்லை. அரங்குக்கு வெளியே நாடு மாறியிருந்தது, அதனால் நாடகத்தின் அர்த்தமும் மாறிவிட்டது.

சர்க்கரை அதிகமா?

குறை சொன்னவர்களும் இருந்தார்கள். லண்டனில் 2019இல் நாடகம் வந்தபோது, சிறந்த புதிய இசை நாடகத்துக்கான ஆலிவியர் விருது கிடைத்தது உண்மைதான். ஆனால் எல்லோரும் இவ்வளவு நல்லவர்களா, தித்திப்பு தூக்கல் என்று அங்கேயும் மற்ற இடங்களிலும் சில விமர்சகர்கள் எழுதினார்கள். அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

ஒரு சின்ன ஊரை முட்டாள்கள் ஊராகக் காட்டுவது கேலிச் சித்திரம். புனிதர்கள் ஊராகக் காட்டுவதும் கேலிச் சித்திரம்தான், கொஞ்சம் மரியாதையான கேலிச் சித்திரம். இரண்டிலும் உண்மையான மனிதர் காணாமல் போகிறார். 'எளிய கிராமத்து மக்கள், கள்ளம் கபடம் இல்லாதவர்கள்' என்று பெருநகர ரசிகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து டாக்ஸி பிடிக்கும்போது, அந்தத் தீவில் மீன்பிடித் தொழில் செத்துப்போன கதை அவர் மனதில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

ஆனால் நாடகத்தைக் காப்பாற்றும் பாத்திரம் ஒன்று அதிலேயே இருக்கிறது. அலி என்ற எகிப்திய முஸ்லிம் சமையல் நிபுணர். சக பயணிகள் அவரைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அவர் சமையலறையில் உதவ வந்தால் முதலில் தயங்குகிறார்கள். விமானம் ஏறும் முன் ஆடை களைந்து சோதனை போடுகிறார்கள். அன்பின் திருவிழா நடக்கும் அதே ஊரில், அதே நாட்களில் இந்த அவமானமும் நடக்கிறது. சிரித்துக்கொண்டிருந்த அரங்கை மௌனமாக்குவது இந்த இடம்தான். 'அந்த ஊரில் இருந்திருந்தால் நானும் சாண்ட்விச் செய்து கொடுத்திருப்பேன்' என்று எல்லா ரசிகரும் நினைத்துக்கொள்ளலாம். 'அலி பக்கத்து இருக்கையில் இருந்திருந்தால் நான் எப்படி நடந்துகொண்டிருப்பேன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு சுகமாக இருக்காது. நாடகத்தின் உண்மையான கனம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அலிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்திருந்தால் தித்திப்புக் குற்றச்சாட்டே எழுந்திருக்காது.

ஓக்லஹோமா சொல்லும் பாடம்

ஒரு வட்டாரத்தை மேடையேற்றி வெற்றி பெறுவது புதிதல்ல. 1943 மார்ச் 31 அன்று பிராட்வேயில் 'ஓக்லஹோமா!' வந்தது. ரோஜர்ஸ், ஹாமர்ஸ்டைன் இருவருமே நியூயார்க்காரர்கள். போர்க்காலத்தில் ஊரையும் வீட்டையும் நினைத்து ஏங்கிய மக்கள் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். 2,212 காட்சிகள் ஓடியது. 1953இல் அதன் தலைப்புப் பாடல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாடலாகவே ஆகிவிட்டது!

ஆனால் அந்தக் கதை நடப்பது இந்தியர் பிரதேசம் எனப்பட்ட நிலத்தில். மூல நாடகத்தை எழுதிய லின் ரிக்ஸ், செரோக்கி வம்சாவளியைச் சேர்ந்தவர். இசை நாடகத்திலோ பூர்வகுடி மக்களே கிடையாது. ரசிகர்கள் கை தட்டிய ஓசையில் அந்த இல்லாமை பல காலம் கேட்கவே இல்லை. 2019இல் டேனியல் ஃபிஷ் இயக்கத்தில் இருள் படிந்த வடிவில் அது மீண்டும் பிராட்வேக்கு வந்தபோது ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பழைய இனிப்பான ஓக்லஹோமாவைத் தேடி வந்தவர்களுக்கு ஏமாற்றம். அதாவது, ரசிகர்கள் ஒரு ஊரை நேசிக்கவில்லை. அந்த ஊரைப் பற்றித் தங்களுக்குப் பிடித்த கற்பனையை நேசித்தார்கள்.

'பில்லி எலியட்' இன்னொரு உதாரணம். இங்கிலாந்தின் வடகிழக்குச் சுரங்க கிராமம், 1984-85 வேலைநிறுத்தம். அதில் மார்கரெட் தாட்சரைக் கிண்டல் செய்து, அவர் சாவைக் கொண்டாடுவது போல ஒரு பாட்டு உண்டு. 2013 ஏப்ரல் 8 அன்று தாட்சர் இறந்தார். அன்று இரவு லண்டன் காட்சியில், பாடலாமா வேண்டாமா என்று ரசிகர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மை பாடச் சொன்னது. அது சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் சுரங்க மக்களின் கோபம் கதையின் எலும்பு. அதை மரியாதைக்காக எடுத்துவிட்டால் மிஞ்சுவது பையன் ஒருவன் நடனம் ஆடும் அழகான கதை மட்டும்.

யார் கையில் கணக்குப் புத்தகம்?

கடைசியாக ஒரு கணக்கு. கேண்டர் மக்கள் 2001இல் பயணிகளிடம் காசு வாங்கவில்லை. அந்தக் கருணையின் கதை பின்னால் கோடிக்கணக்கில் டிக்கெட் விற்றது. இதில் ஊருக்கு என்ன கிடைத்தது? நேர்மையாகப் பார்த்தால் கொஞ்சம் கிடைத்திருக்கிறது. நாடகம் பார்த்துவிட்டு அந்த ஊரைத் தேடி வரும் பயணிகள் உண்டு. 2023 கோடையில் கேண்டரிலேயே, உள்ளூர்க் கலை மையத்தில், நாடகம் முழுமையாக மேடையேறியது. நியூஃபவுண்ட்லாந்து நடிகர்களும் அதில் இருந்தார்கள். எழுபதாண்டுக்கு முன் விமானங்கள் எரிபொருளுக்காக இறங்கிய ஊரில் இப்போது நாடகத்துக்காக ஆட்கள் இறங்குகிறார்கள்.

இது நல்லதுதான். ஆனால் ஆபத்தும் உண்டு. கருணை என்பது ஒரு ஊரின் விற்பனைச் சின்னம் ஆகிவிட்டால், அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒரு நாள் சிடுசிடுவென்று இருப்பதற்குக்கூட உரிமை இழந்துவிடுவார்! கேண்டர்காரர்கள் பலர் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொன்னது, யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பதுதான். அதைத் தன்னடக்கம் என்று மற்றவர்கள் பாராட்டுகிறார்கள். கொஞ்சம் கவனித்துக் கேட்டால் அது தன்னடக்கம் மட்டுமல்ல, ஒரு மறுப்பும்கூட. 'எங்களைப் புனிதர்கள் ஆக்காதீர்கள். ஆக்கினால் நீங்கள் தப்பித்துக்கொள்வீர்கள்' என்கிற மறுப்பு.

ஆக, எந்த ஊரின் தீர்ப்பு சரி? கேண்டரின் கைதட்டல், நாடகம் பொய் சொல்லவில்லை என்பதற்குச் சாட்சி. நியூயார்க்கின் கண்ணீர், அது தேவைப்பட்டது என்பதற்குச் சாட்சி. தித்திப்பு என்று முகம் சுளித்த விமர்சகர், இன்னும் கொஞ்சம் உண்மை சொல்லியிருக்கலாம் என்பதற்குச் சாட்சி. மூன்றும் வேண்டும். ஆனால் வரிசை முக்கியம். ஒரு வட்டாரத்தின் கதையை எடுக்கிறவர்கள் முதலில் அந்த ஹாக்கி அரங்குக்குப் போக வேண்டும். அங்கே தலை நிமிர்ந்து நிற்க முடிந்தால் பிறகு பிராட்வேக்குப் போகலாம். ஓக்லஹோமாவில் விடுபட்டவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால், அந்த நாடகம் அப்படியே இருந்திருக்குமா?

அடுத்த முறை ஒரு சின்ன ஊரின் கதை உங்கள் கண்ணை நனைத்தால், துடைத்துக்கொள்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். அந்த ஊர்க்காரர் பக்கத்து இருக்கையில் இருந்தால், அவரும் அதே இடத்தில்தான் அழுவாரா?